பெந்தெகொஸ்தே நாள் வாசிப்பு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அங்கே ஆங்கில ஆராதனையில் அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், 9 முதல் 11 வரையுள்ள வசனங்களின் ஊர்ப்பெயர்களை நினைத்தாலே நா வறண்டுபோகிறது என்றும் எழுதியிருந்தாய். நான் முதன்முதலாக ஆங்கிலத்தில் பாடம் வாசிக்க எழுந்த அன்று, யோபுவின் புத்தகத்தை வேலைக்கான சொல்லைப்போல 'ஜாப்' என்று அறிவித்தவன்; அது 'ஜோப்' என்று வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உன் அம்மா சொன்னாள்.

முதலில் நம் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள். தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறி முடிந்த புதிய ஏற்பாடு கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. அந்த வழியில் வந்த நம் பெயர்களில் பழைய நெடில்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆங்கிலத்திலோ, ஏறக்குறைய 15 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை, ஆகாரம் ஏகாரமாகவும் ஏகாரம் ஈகாரமாகவும் ஈகாரம் ஐகாரமாகவும் நகர்ந்துவிட, வேதாகமப் பெயர்களும் கூடவே இழுபட்டுப் போயின. நம் ஏலி அவர்களுக்கு 'ஈலை', லேவி 'லீவை' ஆனது இப்படித்தான். இதே கணக்கில் மேதர் 'மீட்ஸ்', ஏலாமீத்தர் 'ஈலமைட்ஸ்', மெசொப்பொத்தாமியா 'மெசபட்டேமியா', யூதேயா 'ஜூடீயா'. லீபியா மட்டும் இதற்கு அடங்காமல் 'லிபியா' என்றே நிற்கும்.

உன்னை இடறச்செய்யக்கூடியது சிரேனே என்ற பட்டணத்தின் பெயர். அது 'சைரீனி', மூன்று அசை. வாலை விழுங்கி 'சைரீன்' ஆக்கிவிடாதே. கிரேக்கப் பெண்பெயர்களிலும் கடைசியிலுள்ள 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து இப்படியே ஒலிக்கும்: பெபேயாள் 'ஃபீபி', குலோவேயாள் 'க்ளோயி', ஒடிசியஸின் மனைவி 'பெனெலப்பி'. ஆங்கிலம் தன்னுடையதாக்கிக்கொண்ட ஏவாள், கிரேத்தா தீவு போன்ற சில பெயர்கள் வாலை இழந்து 'ஈவ்', 'க்ரீட்' என்று நிற்கின்றன.

அழுத்தத்துக்கு ரோமர்களின் விதியே போதும். கடைசிக்கு முந்தின அசை நெடிலாகவோ மெய்யால் அடைபட்டோ இருந்தால் அங்கே அழுத்து. இல்லையென்றால் அதற்கும் முந்தினதில். ஆகவே சைரீனியில் 'ரீ', 'பம்ஃபிலியா'வில் 'ஃபி'. பிரிகியா 'ஃப்ரிஜியா', கப்பத்தோக்கியா 'கப்படோஷியா'. இகரமோ எகரமோ பின்னால் வந்தால் அவர்களுடைய ககரம் பெரும்பாலும் குழைந்துவிடும். லத்தீன் வகுப்பில் 'கைசர்' என்று கற்றவர்களும் ஆங்கிலம் பேசும்போது 'சீசர்' என்றே சொல்கிறார்கள். (நம்மவர்கள் 'இராயன்' என்று எழுதி அந்த வம்பிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள்.)

அழுத்தங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, சனிக்கிழமை இரவு தொலைபேசியில் ஒருமுறை வாசித்துக் காட்டு. சிரேனேயில் நான் கட்டாயம் நிறுத்துவேன்.

அன்புடன்,
அப்பா