ஆச்சி போட்ட பிடியரிசியும் டோர்ணக்கல் அத்தியட்சரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், தென்னாட்டுத் திருச்சபைகள் எல்லாமே வெள்ளைக்காரன் பணத்தில் வளர்ந்தவை என்று ஒரே வரியில் முடித்திருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபை) முதல் இந்திய அத்தியட்சர், அதாவது பிஷப், வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றித் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி அடுப்பங்கரை மூலையில் இருக்கும் தகர டப்பாவில் போடுவாள். பற்றாக்குறையான நாளிலும் அந்தப் பிடி தப்பாது. மாதக் கடைசியில் டப்பா எங்கள் மாதா கோயிலுக்குப் போகும், அரிசியை ஏலம் விடுவார்கள், அந்தக் காசு ஐ.எம்.எஸ்.ஸுக்கு. "யாருக்கு ஆச்சி இது?" என்று கேட்டால் "தெலுங்கு நாட்டுல நம்ம பிள்ளைங்க ஊழியம் செய்யுதுல்லா, அதுக்குத்தான்" என்பாள்.

அந்த ஐ.எம்.எஸ்., அதாவது இந்திய மிஷனெரி சங்கம், 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கியது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் அசரியா, அப்போது அவருக்கு வயது 28. முந்தின வருடம் யாழ்ப்பாணம் போயிருந்தவர், அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு இங்கே தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர் அனுப்புவதைப் பார்த்திருக்கிறார். நூறு வருடச் சபை என்று பெருமை பேசுகிற திருநெல்வேலி இதுவரை யாரை அனுப்பியது என்ற கேள்வி அவரைக் குத்தியது. அதனால் ஒரு விதியோடு சங்கத்தை ஆரம்பித்தார்கள்: இந்தியப் பணம், இந்திய ஆட்கள்.

அசரியா 1874-ல் திருச்செந்தூர் வட்டாரத்து வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராகப் பெயரெடுத்து ஊர் ஊராகச் சுற்றியவர், 1909-ல் அதை விட்டுவிட்டு நிஜாம் ஆட்சியில் இருந்த தெலுங்கு நாட்டு டோர்ணக்கல்லுக்குச் சாதாரண மிஷனெரியாகப் போனார். 35 வயதில் தெலுங்கு அரிச்சுவடி பிடித்துப் படித்தார், கூடாரத்தில் தங்கினார். அங்கே தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா சாதி மக்கள்தான் பெரும்பாலும் சபைக்கு வந்தார்கள். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் அவர்கள் சேரிக்குப் போய் உட்கார்ந்து, குடியை விடு, கடன் வாங்காதே, வீட்டைச் சுத்தமாக வை, நோயைக் கவனி என்று திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார்.

1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் இவரைப் பேசச் சொன்னார்கள். கூடியிருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளையர்கள். பொருளை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டார். பலருக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்கு இதில் தோன்றுவது ஒன்றுதான். கை நீட்டி வாங்கிக்கொண்டே இருப்பவனுக்கு அந்த மேடையில் இந்தப் பேச்சு வராது, ஆச்சிகள் போட்ட பிடியரிசியில் ஊழியம் செய்தவருக்கு வந்தது.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அதற்கும் எதிர்ப்பு இருந்தது, ஐரோப்பிய மிஷனெரிகளிடமிருந்து மட்டும் இல்லை, நம் கிறிஸ்தவர்களிடமிருந்தும்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதலில் சின்னத் திருமண்டலமாகத்தான் (அத்தியட்சரின் ஆளுகைப் பகுதி) கொடுத்தார்கள், அப்புறம்தான் கிருஷ்ணா மாவட்டத்துப் பழைய மிஷன் பகுதிகளும் சேர்ந்தன. டோர்ணக்கல்லுக்கு இங்கிலாந்துச் சங்கங்களின் பணம் வரவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, வந்தது. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு அரிசி டப்பாவை மறைப்பது நியாயமா?

இரண்டு வருடத்துக்கு முன்னால் விஜயவாடா போனபோது டோர்ணக்கல் ஜங்ஷனில் இறங்கி அவர் கட்டிய எப்பிபனி பேராலயத்தைப் பார்த்தேன். வேலை முடிய ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகி 1939 ஜனவரி 6-ல் பிரதிஷ்டை செய்திருக்கிறார்கள். உள்ளே நின்றால் நம் ஊர் இந்துக் கோயில் மண்டபத்துத் தூண்கள் மாதிரி இருக்கிறது, வெளியே வந்து நிமிர்ந்தால் மசூதி மாதிரி குவிமாடம். இங்கிலாந்து மாதா கோயிலைப் பார்த்து அப்படியே கட்டவில்லை அந்த மனிதர். தூணில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது.

1945 ஜனவரி 1-ல் அவர் இறக்கும்வரை, 32 வருடம், ஒரு திருமண்டலத்தை ஆண்ட இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சர் அவர் ஒருவர்தான். சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919 தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து பாடுபட்டவர், தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவானதைப் பார்க்காமலே போய்விட்டார்.

கால்டுவெல் பற்றியும் போப் பற்றியும் உங்கள் இதழில் நிறைய வந்திருக்கிறது, சரி, வரட்டும். அசரியாவுக்கும் நாலு பக்கம் ஒதுக்குங்கள். வெள்ளாளன்விளைக்கு நிருபரை அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், நானே கூட வந்து ஊரைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாத்தான்குளம்