கட்டுரையில் எதிர்வாதம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல்லைப் பக்கம் கட்டுரைப் போட்டி என்றால் 'தாமிரபரணியைக் காப்போம்' என்ற தலைப்பு எப்படியும் வந்துவிடும். வாதக் கட்டுரைக்கு அது ஆகாது. காக்க வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? 'பாபநாசம் படித்துறையில் பரிகாரத் துணிகளை ஆற்றில் விடுவதைத் தடுக்க வேண்டும்' என்று கொடுத்துப் பாருங்கள். ஆம் என்பாரும் உண்டு, கூடாது என்பாரும் உண்டு.

250 சொல் கட்டுரையில் முன்னுரைக்கு 40 சொல் தாராளம். அதன் கடைசி வாக்கியத்தில் எழுதுபவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட வேண்டும். நம் பிள்ளைகளோ 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்கி, ஆறு பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்வதைச் சொல்வதற்குள் பாதிப் பக்கம் போய்விடுகிறது.

காரணம் இரண்டு போதும், பத்திக்கு ஒன்று. குளிப்பவர் காலில் துணி சிக்குகிறது என்பது ஒன்று. கீழே நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இதே தண்ணீர் என்பது மற்றொன்று. வலுவானது பின்னால் வரட்டும். 'ஆறு அசுத்தமாகிறது', 'சுற்றுச்சூழல் கெடுகிறது' என்று எழுதினால் அது இரண்டாகாது, ஒன்றேதான். குறள் அழகுக்கு இருக்கலாம், சான்றாக நிற்காது.

பெரும்பாலோர் கோட்டை விடுவது எதிர்வாதத்தில்தான். எழுதவே மாட்டார்கள்; எழுதினாலும் 'சிலர் அறியாமையால்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே நூலாசிரியர் கொள்ளும் கொள்கை) 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே' என்பது ஒன்று. முதலில் ஏற்க வேண்டும், பிறகே களைய வேண்டும். 'முன்னோருக்குச் செய்யும் கடன், தலைமுறை வழக்கம்' என்பதை, அந்தத் தரப்பே தலையாட்டும்படி நியாயமாக இரண்டு மூன்று வரி எழுத வேண்டும். அதன்பின் பதில்: நீராடலும் எள்ளும் நீரும் இறைப்பதும் அப்படியே நடக்கட்டும், துணியை மட்டும் கரையில் தொட்டி வைத்து வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பத்தி இரண்டாம் காரணத்துக்குப் பின் வருவது நல்லது. முன்னால் வைத்தால், தன் கட்சியைச் சொல்லும் முன்பே தற்காப்பில் இறங்கியதாகிவிடும்.

முடிவுரையில் புதுக் காரணம் எதையும் நுழைக்கக் கூடாது. தொட்டி வைப்பது யார், அள்ளுவது யார் என்று சொல்லி நிறுத்தலாம்.

விடைத்தாள் திருத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். உட்தலைப்பு எண்ணிக்கைக்கும் வண்ண மை அடிக்கோட்டுக்கும் போடும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை எதிர்வாதப் பத்திக்கு ஒதுக்குங்கள்.

– தமிழாசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை