யாத்விகாவுக்கு உரிய இடம்

ஆசிரியருக்கு வணக்கம். போலந்தையும் லித்துவேனியாவையும் இணைத்த 1386ஆம் ஆண்டுத் திருமணம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மாப்பிள்ளையான லித்துவேனிய ஆட்சியாளர் யோகைலா கிறிஸ்தவ மதத்துக்கு மாறியதும், 1410இல் கிரன்வால்ட் போரில் டியூட்டானிக் என்ற ஜெர்மானியத் துறவி வீரர்களின் படையை முறியடித்ததும் விரிவாக வந்துள்ளன. மணப்பெண்ணான போலந்தின் யாத்விகாவுக்கு ஒரே ஒரு வரிதான். மனம் ஆறவில்லை.

யாத்விகா வெறும் மணப்பெண் அல்லர். 1384இல், போலந்தின் அன்றைய தலைநகர் கிராக்கோவில் 'அரசர்' என்ற பட்டத்துடனேயே முடிசூட்டப்பட்டவர். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்து இளவரசர் வில்லியமுடன் சிறுவயதிலேயே பேசி முடித்திருந்த சம்பந்தத்தைப் பிரபுக்கள் முறித்தார்கள். தன்னைவிடப் பல வயது மூத்த யோகைலாவை மணந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். இரு நாடுகளின் நலனுக்காக ஒரு சிறுமியிடம் கேட்கப்பட்ட விலை இது. ஒற்றுமையைக் கொண்டாடும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

1399இல், பிரசவத்தை அடுத்து, குழந்தையும் போய் அவரும் போனார். தன் நகைகளை நலிந்து கிடந்த கிராக்கோவ் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். அவரது கல்லறையில் கிடைத்த செங்கோலோ பொன்னால் அல்ல, மரத்தால் ஆனது! 1400இல் புத்துயிர் பெற்ற அதே பல்கலைக்கழகத்தில்தான் பின்னாளில் கோப்பர்னிக்கஸ் படித்தார். இன்று அது தாங்கி நிற்பதோ கணவர் யோகைலாவின் வழி வந்த யாகியெல்லோ வம்சத்தின் பெயரை.

1569இல் லூப்ளின் ஒப்பந்தத்தால் ஒரே அரசாக இறுகி, 1795 வரை நீடித்த அந்த உறவுக்கு அடித்தளம் இட்டவர்களில் அவரும் ஒருவர். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, திருச்சி