ஆசிரியர் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ஆசிரியர்களை உருவாக்கும் வேலையில் இருப்பவர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன்.

உங்கள் ஆய்வுக்குழு வரப்போகிறது என்றால் கல்லூரிகளில் கோப்பு சேர்க்கும் வேலை தொடங்கிவிடுகிறது. கருத்தரங்குப் புகைப்படங்கள், வருகைப் பதிவேடுகள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் அட்டை போட்டு அடுக்கப்படுகின்றன. கட்டடம், நூலகம், பேராசிரியர்களின் தகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே படித்து முடித்தவருக்குப் பாடம் நடத்த வருகிறதா என்பதை இந்தக் கோப்புகள் சொல்வதில்லை.

அதைத் தெரிந்துகொள்ளக் கற்பித்தல் பயிற்சியைத்தான் பார்க்க வேண்டும். பயிற்சி மாணவர் பள்ளியில் பாடம் நடத்தும்போது மேற்பார்வையாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, 'மாணவர் பங்கேற்பு: 5க்கு 4' என்று எழுதுகிறார். எதைப் பார்த்து 4? என்ன நடந்திருந்தால் 3? பல படிவங்களில் இதற்கு விடை இல்லை.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஒரு மாணவி ஐந்தில் இரண்டு என்கிறாள். 'தப்பு' என்று சொல்லிச் சரியான விடையைப் பலகையில் எழுதிவிட்டு நகர்பவர் ஒரு நிலை. எப்படி வந்தது என்று கேட்டு, மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் அவள் கூட்டியிருப்பதைக் கண்டுபிடித்து, விடை அரையை விடச் சிறியதாகிவிட்டதே என்று அவளையே யோசிக்க வைப்பவர் வேறு நிலை. அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எடுத்துக்காட்டிய, கற்பிப்பதற்கே உரிய பாட அறிவு இதுதான். படிவத்தின் ஒவ்வொரு எண்ணுக்கும் இப்படிக் கண்ணால் பார்க்கக்கூடிய விளக்கம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அப்புறம், ஒரே வகுப்பை இருவர் தனித்தனியாக மதிப்பிட்ட பதிவுகளையும் கேளுங்கள். இருவரின் எண்களும் அடிக்கடி வெகுதூரம் விலகினால், அந்த மதிப்பெண்களை நம்ப முடியாது. எல்லோருக்கும் 90க்கு மேல் போட்டிருந்தாலும் அந்த எண்களால் பயனில்லை.

அமெரிக்காவில் ஆசிரியர் கல்விக்கு அங்கீகாரம் வழங்கிவந்த, 1954இல் தொடங்கிய நிகேட் (NCATE), 1997இல் வந்த டீயாக் (TEAC) என்ற இரு அமைப்புகளும் இணைந்து, 2013 முதல் கேப் (CAEP) என்ற பெயரில் இயங்குகின்றன. படிப்பை முடித்தவர்களிடம் பயிலும் பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள், வேலை கொடுத்தவர்கள் நிறைவாக இருக்கிறார்களா என்பதற்கும் அங்கே சான்று காட்ட வேண்டும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே படிக்கும் சிறிய கல்லூரியில் ஒருவருடைய வகுப்பு சரிந்தாலே சராசரி மாறிவிடும். பாடத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் எழுதிய தாள்கள், தலைமையாசிரியரின் கருத்து, புது ஆசிரியர் தடுமாறிய இடங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமானது. 'பல நிலைகளில் உள்ள மாணவர்களை ஒரே வகுப்பில் கையாள எங்கள் பயிற்சி மாணவர்களுக்கு வரவில்லை. அதற்காகப் பாடத்திட்டத்தில் இதை மாற்றினோம். அடுத்த அணியில் இவ்வளவு முன்னேற்றம்' என்று எழுத இன்று கல்லூரிகள் பயப்படுகின்றன, புள்ளி குறையும் என்று. அதனால் தன்மதிப்பீட்டு அறிக்கைகளில் குறையே தென்படுவதில்லை. குறையைக் கண்டுபிடித்துத் திருத்தியதற்குத் தனிப் புள்ளி கொடுங்கள், அதையும் கையேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள்.

வருகை நாட்களில் அரை நாளையாவது பயிற்சிப் பள்ளியில் செலவிடுங்கள். கல்லூரி நிர்வாகத்தினர் யாரும் உடனில்லாமல் அங்குள்ள வழிகாட்டி ஆசிரியர்களிடம் பேசுங்கள். இந்தக் கல்லூரியிலிருந்து வந்தவர்களை உங்கள் பள்ளியில் வேலைக்கு எடுப்பீர்களா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர் பயிற்றுநர்