விலா எலும்பைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீ பணிக்குத் திரும்பி ஏழு வாரங்களாகின்றன. தொலைபேசியில் "நெஞ்சு வலி குறைந்ததா அப்பா?" என்று கேட்டுவிட்டு நீ மௌனமாகிவிடுவதன் காரணத்தை உன் அம்மா நேற்றுதான் சொன்னாள். அன்றிரவு என் இதயம் நின்று நீ என் நெஞ்சை அழுத்தியபோது, உன் உள்ளங்கைக்குக் கீழே என் விலா எலும்பு முறிந்த ஓசை இன்னும் உன்னை உறங்க விடவில்லையாம்.

அதை நான் இதய மருத்துவரிடமே கேட்டேன். நின்றுபோன இதயத்திற்காக நெஞ்சை அழுத்தும்போது மார்பெலும்பு 5 சென்டிமீட்டராவது உள்ளே இறங்க வேண்டும், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், அந்த ஆழத்தில் என் வயதுக்காரர்களின் விலா முறிவது வழக்கம்தான் என்றார். முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். இரத்தம் எட்டாத மூளையோ நான்கைந்து நிமிடங்களிலேயே கெடத் தொடங்கிவிடும். ஆம்புலன்ஸ் வந்து மின்னதிர்ச்சி கொடுக்கும்வரை, 11 நிமிடங்கள், என் மூளைக்கு இரத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தவை உன் கைகள். வலிக்குமோ என்று நீ தயங்கி மெல்ல அழுத்தியிருந்தால் இக்கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று சரிந்து விழுந்ததை நாம் சேர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அவருக்குப் பொருத்தியதைப் போன்ற, துடிப்பு தடம் புரண்டால் தானே அதிர்ச்சி கொடுக்கும் கருவிதான் இப்போது என் இடது தோளுக்குக் கீழேயும் இருக்கிறது. அவர் எட்டு மாதங்களில் மீண்டும் ஆடுகளம் இறங்கினார். நான் தெருமுனைவரை நடந்து திரும்புகிறேன். அதற்கே மதியம் உறங்க வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்களின் பெயர்கள் சட்டென்று நாவில் வருவதில்லை, காரணமின்றிக் கண் கலங்குகிறது. மூளை சற்று நேரம் பட்டினி கிடந்ததால் இவையெல்லாம் நேரும், பல மாதங்களில் படிப்படியாகக் குறையக்கூடும் என்கிறார்கள். என்னைவிட உன் அம்மாவை எண்ணித்தான் கவலைப்படுகிறேன். இரவில் எழுந்து என் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாள். அவளிடமும் தனியாகப் பேசு.

நீ விடுமுறைக்கு வந்து இறங்கியதும், அன்று நாம் சேர்ந்து உண்டதும், அதற்குப் பிந்தைய ஆறு நாட்களும் என் நினைவில் இல்லை. பொங்கலுக்கு வரும்போது அந்த இரவை, எலும்பு முறிந்த ஓசை உட்பட, ஒன்றும் மறைக்காமல் எனக்குச் சொல். இத்தனை நாள் அதை நீ தனியாகவே சுமந்துவிட்டாய்.

அன்புடன்,
அப்பா