நுழைவுச் சாலை ராயல் பாம் நடவு: பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்குழு ஒப்புதல் அளித்த நுழைவுச் சாலை நடவுப் பணி நிறைவடைந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். சாலையின் இருபுறமும் கன்றுகள் நடப்பட்டு, சொட்டுநீர்க் குழாய்களும் முட்டுகளும் அமைக்கப்பட்டுள்ளன. வரவு செலவுக் கணக்கு தணிக்கைக்குப் பின் தனியே சுற்றுக்கு வரும்.

நாம் நட்டிருப்பது கியூபாவின் தேசிய மரமான ராய்ஸ்டோனியா ரீஜியா என்னும் ராயல் பாம்; இது ஓர் அலங்காரப் பனை. தெற்கு புளோரிடாவிலும் இயற்கையாக வளரும் இம்மரம் 20 மீட்டருக்கு மேல் உயரும். இதன் உறவான ராய்ஸ்டோனியா ஒலரேசியா 40 மீட்டர் வரைகூட எழக்கூடியது. ரியோ டி ஜெனிரோ தாவரவியல் பூங்காவின் புகழ்பெற்ற மரவரிசை அவ்வினத்தைச் சேர்ந்தது. நம் சாலையின் அகலத்துக்கு அவ்வளவு உயரம் பொருந்தாது என்பதாலேயே ரீஜியாவைத் தேர்ந்தோம்.

இனத்தை உறுதி செய்வதில்தான் குழு அதிக நேரம் செலவிட்டது. நாற்றுப்பண்ணைகளில் உயரமாக வளரும் அலங்காரப் பனைகள் பலவும் ஒரே பெயரில் விற்கப்படுவதுண்டு. தவறான கன்று கலந்துவிட்டால் அது பல ஆண்டுகள் கழித்து, வரிசை குலைந்த பிறகே தெரியவரும். வளர்ந்த ராயல் பாமை எவரும் எளிதில் அறியலாம். தண்டு சிமென்ட் பூசி மெழுகியதுபோல் வெளிர் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக இருக்கும். நடுப்பகுதியிலோ அதற்குச் சற்று மேலேயோ பருத்திருக்கும். அதன் உச்சியில் மட்டைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றிப் பளபளப்பான பச்சைத் தண்டாக நிற்கும். பாளை அதற்குக் கீழிருந்து வெளிவரும். கன்றில் இவை எதுவும் தெளிவாக இராது. எனவே ஒவ்வொரு கன்றின் ஓலையையும் திருப்பிப் பார்த்தோம். சிற்றிலையின் அடிப்பக்கம் வெள்ளி பூத்ததுபோல் சாம்பல் நிறமாக இருந்தால் அது அலெக்சாண்ட்ரா பாம்; நுனி கிழிந்ததுபோல் ஒழுங்கற்று இருந்தால் நரிவால் பனை. இருபுறமும் பச்சையாக, நுனி கூர்ந்து ஒடுங்கிய சிற்றிலைகள் உள்ள கன்றுகளையே ஏற்றுக்கொண்டோம். ஒரு வண்டியில் வந்தவற்றுள் கலப்பு இருந்ததால் அவற்றைத் திருப்பி அனுப்பி மாற்றுக் கன்றுகள் பெற்றோம்.

வளர்ந்த மரங்களையே பெயர்த்து நட்டால் உடனே அழகு கிடைக்குமே என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்தனர். ராயல் பாமைத் தோண்டி எடுக்கும்போது வெட்டுப்படும் வேர்கள், நீளமாக எஞ்சினால்தான் ஓரளவு பிழைக்கும். மற்றவை மடிந்து, அடித்தண்டிலிருந்து புதுவேர்கள் கிளம்ப வேண்டும். அதுவரை அவ்வளவு பெரிய ஓலைக்கூட்டத்துக்கு நீர் போதாது. ஆகவே தொட்டியில் வளர்ந்த, வேர்க்கட்டி குலையாத கன்றுகளே பாதுகாப்பானவை என்பது குழுவின் உறுதியான கருத்து.

மழைக்காலத் தொடக்கத்தில் நட்டோம். கன்றுக்குக் கன்று 6 மீட்டர் இடைவெளி விட்டு, மின்கம்பிகளுக்கு அடியிலும் வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டியும் நடுவதைத் தவிர்த்தோம். வளர்ந்த மரம் ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு மட்டையைத் தானே உதிர்க்கும். அம்மட்டை மிகக் கனமானது. வேர்கள் கிளம்பும் பகுதி மண்மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்குமாறு நட்டு, அதற்கு மேல் மண் ஏற்ற விடவில்லை. ஆழமாக நட்டால் வேர்கள் காற்றின்றி அழுகி, இரும்புச்சத்துக் குறைவால் ஓலை வெளிறி, மரம் மெல்ல மெல்ல நலிந்துபோகும். முட்டுக் கட்டைகளைத் தண்டில் ஆணியடிக்காமல், சாக்குச் சுற்றிப் பட்டையால் கட்டியிருக்கிறோம். பனையினத்தின் தண்டில் பட்ட காயம் ஒருபோதும் ஆறி மூடாது.

பராமரிப்பில் உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு. இது ஈரத்தை விரும்பும் மரம். புதிய குருத்துகள் விரிந்து வேர் பிடிக்கும் வரை வேர்க்கட்டி காயக்கூடாது. வளரும் காலத்தில் நீரோ ஊட்டமோ குறைந்தால் அப்போது உருவாகும் தண்டுப்பகுதி ஒடுங்கிப்போகும். பிறகு எவ்வளவு உரமிட்டாலும் அந்த ஒடுக்கம் நிரம்பாது. சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறைவு முதலில் அடி ஓலைகளில், நுனி கருகித் தெரியும். பார்வைக்கு நன்றாக இல்லையென்று அந்த ஓலைகளை வெட்டிவிடக் கூடாது, ஏனெனில் மரம் அவற்றில் எஞ்சிய சாம்பல்சத்தை எடுத்தே இளம் ஓலைகளை வளர்க்கிறது. வெட்டினால் குறை அடுத்த அடுக்குக்கு ஏறும். புல்தரைக்குப் போடும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தை இம்மரங்களின் அருகே தூவினால் இக்குறை இன்னும் கூடும். சாம்பல்சத்தும் மெக்னீசியமும் சேர்ந்த, மெதுவாகக் கரையும் உரமே இவற்றுக்கு ஏற்றது. காற்றுக்குத் தாங்கும் என்று எண்ணிப் பச்சை மட்டைகளைக் கழிப்பதும் வேண்டாம்.

இம்மரத்துக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்றுதான்; அது அழிந்தால் பக்கக்கிளை விட்டுத் தழைக்க வழியில்லை. எனவே காண்டாமிருக வண்டு துளைத்த ஓட்டையோ, விரியாமல் வாடிய குருத்தோ கண்ணில் பட்டால் தோட்டத் துணைக்குழுவுக்கு அன்றே தெரிவிக்க வேண்டுகிறோம். மரம் பெரிதான பின் அடித்தண்டில் தட்டுப்போன்ற காளான் முளைத்தால் அது கானோடெர்மா என்னும் பூஞ்சையால் வரும் அழுகல் நோய். அதற்கு மருந்து இல்லை. அம்மரத்தை அகற்றுவதோடு, அதே குழியில் மீண்டும் எந்தப் பனையினத்தையும் நடாமல் வேறு மரம் வைக்க வேண்டும் என்று குழு தீர்மானித்துப் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதியுள்ளது.

இங்ஙனம்,
நடவுப் பணிக் குழு