வீடு காட்டும் முன் தளத்தைப் பார்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கானாடுகாத்தான் பக்கம் ஐந்து செட்டிநாட்டு வீடுகளைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் திறந்து காட்டி, மாலையில் பராமரிப்பு பற்றிப் பேச்சும் வைக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. எதைக் காட்டலாம் என்று கேட்டிருக்கிறாய். அது அப்புறம். முதலில் ஐந்து வீட்டின் மொட்டை மாடிக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வா.

வருகிறவர்கள் எல்லாம் முகப்பில் நின்று தூணைத் தட்டுவார்கள், பர்மா தேக்கா என்பார்கள், பெல்ஜியம் கண்ணாடி முன்னால் படம் எடுத்துக்கொள்வார்கள். எடுக்கட்டும். ஆனால் தூணில் தொடங்கி எந்த வீடும் விழுந்ததில்லை. இந்த வீடுகள் மேலிருந்து கீழாகத்தான் சாகின்றன. தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று வருகிறவர்களுக்கு விளங்கிவிட்டால், உங்கள் பேச்சுகளில் பாதி முடிந்த மாதிரி.

ஓடு வேய்ந்த பகுதியைச் சரிபார்ப்பது சுலபம். உடைந்த ஓட்டை மாற்று, ஓடு மடங்கும் பள்ளத்தில் சேர்ந்திருக்கும் வேப்பஞ்சருகை அள்ளு, அவ்வளவுதான். சிக்கல் மெட்ராஸ் டெரஸ் தளத்தில். ஒரு அடிக்கும் ஒன்றரை அடிக்கும் இடைப்பட்ட தூரத்தில் தேக்குக் கட்டைகள். அதன்மேல் 6 அங்குலம் நீளம், 3 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனமுள்ள சின்னச் செங்கல்லைக் குத்துவசமாக, கட்டைக்குக் கோணல்வாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் வைத்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு கலந்து, அடித்து முடித்த பிறகு 3 அங்குலம் நிற்கும்படி ஒரு படுகை. அதை மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்திருப்பார்கள். அடிக்கும்போது தெளித்தது கடுக்காய், வெல்லத் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே தட்டையான ஓடு இரண்டு வரிசை. வாட்டம் குறைந்தது 60 அடிக்கு 1 அடி.

இந்தத் தளத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று தண்ணீர், இன்னொன்று எடை. முன்பு ஒழுகியபோது பழைய படுகையைப் பெயர்க்காமலே அதன்மேல் இன்னொரு 3 அங்குலம் போட்ட வீடுகள் உண்டு. 10க்கு 10 அறை என்றால் அந்த ஒரு படுகையே ஒரு டன்னைத் தாண்டும். 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை மாடியில் வைத்தவர்கள் அதையும் ஒரு டன் என்று நினைப்பதில்லை, தொட்டிதானே என்கிறார்கள். அதுவும் இரண்டு கட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். உங்கள் ஐந்து வீட்டில் எதிலாவது அப்படி இருந்தால், அந்த வாரம் தண்ணீரைக் காலி செய்துவிட்டு, சுவர் நேராக வரும் இடத்துக்குத் தொட்டியை மாற்றச் சொல்.

கட்டையைச் சோதிக்கக் கீழே இருந்து பார்த்தால் தெரியாது. நடுவில் கல்லாட்டம் இருக்கும். சுவருக்குள் நுழையும் முனைதான் ஓதம் குடித்து உளுத்திருக்கும். ஏணி போட்டு, சுவரை ஒட்டிய ஒரு சாண் தூரத்தில் குத்தூசியால் குத்திப் பார். நுனி மட்டும் இறங்கினால் பரவாயில்லை. ஒரு விரல்கடை சும்மா போனால் அந்த அறைக்கு மேலே யாரும் ஏறக்கூடாது, கீழேயும் கூட்டம் நிற்கக்கூடாது. கட்டையில் பழுப்பு வட்டம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலே போய்ப் பார், முக்கால்வாசி மழைநீர் வெளியேறும் தூம்புவாய் ஒன்று அடைத்திருக்கும், இல்லையென்றால் ஒரு அரசங்கன்று முளைத்திருக்கும். கன்றைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் வேர் படுகையோடு பெயர்ந்து, ஒழுகாத இடமும் ஒழுகும். தரையோடு வெட்டி, வெட்டுவாயில் மருந்து வைத்து, வேர் காய்ந்த பிறகு ஓட்டையைச் சுண்ணாம்பால் அடை.

தண்ணீரின் கணக்கைப் பேச்சுக்கு முன்னால் ஒரு அட்டையில் எழுதி முற்றத்தில் வை. 1000 சதுர அடித் தளத்தில் 25 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 2300 லிட்டர். நான்கு பக்கத் தாழ்வாரமும் முற்றத்தில் கொட்டி, அண்டாவுக்குப் போனது போக மிச்சம் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும் ஊருணிக்கும் போகும்படி இந்த ஊர்களை அமைத்திருக்கிறார்கள். முற்றத்து நீர்ப்போக்கில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, அது எங்கே வெளியே வருகிறது என்று காட்டு. வராவிட்டால் அதுவே அன்றைய பேச்சுக்குப் பொருள்.

அடுத்தது சுவர். "ஆயிரம் முட்டை அடிச்சுப் பூசின சுவரு" என்று வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. முட்டை வெள்ளைக்கரு கடைசிப் பூச்சில் மட்டும்தான். அடியில் சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று, கடுக்காய்த் தண்ணீர் விட்டது. அதற்கு மேல் போகப்போக மணல் நைசாகி, அளவும் குறைந்து, கடைசியில் மணலே இல்லாத சுண்ணாம்புப் பால், அதில்தான் முட்டை. அந்தப் பூச்சு பாதி காய்ந்து, விரல் பட்டால் ஒட்டாமல் குளிர்ச்சியாக மட்டும் இருக்கும் நேரத்தில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். முந்தினால் கல்லோடு வரும், பிந்தினால் பளபளப்பு ஏறாது. அந்தத் தருணத்தைக் கையால் சொல்லத் தெரிந்த கொத்தனார்தான் உங்கள் முக்கியப் பேச்சாளர். அவரை மேடையில் உட்கார வைத்து மைக் கொடுக்காதே. சுவர் முன்னால் கரண்டியோடு நிற்க விடு.

சிமெண்ட் விஷயத்தை அங்கேயே சொல்லிவிடலாம். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஓதத்தைப் பூச்சு வழியாகவே வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கீழ் 3 அடிக்கு உப்புப் பொரிகிறதே என்று சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டு, ஓதம் சிமெண்டுக்கு மேல் விளிம்பைத் தேடி ஏறும். முன்பு 3 அடியில் இருந்தது 5 அடிக்கு வரும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் தள்ளும். சில வருஷத்தில் சிமெண்ட் பலகையாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. "பிடிப்புக்கு ஒரு கை சிமெண்ட்" என்று சுண்ணாம்பில் கலக்கும் பழக்கமும் வேண்டாம். அந்தக் கலவை சுண்ணாம்பாகவும் இறுகாது, சிமெண்டாகவும் நிற்காது.

நேரில் செய்து காட்ட 2 அடிக்கு 2 அடி இடம் போதும். தட்டிப் பார்த்து டொப் டொப் என்று கேட்கும் பூச்சைச் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். தூசி தட்டி, முந்தின நாள் மாலையே சுவரை நன்றாக நனைக்க வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். காய்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பூச்சு மாவாய் உதிரும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்குள் பூசி, அது இறுகிய பிறகுதான் அடுத்தது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயில் படாமல் காக்க வேண்டும். இரண்டு நாளில் இதெல்லாம் முடியாது என்பதால், முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு, தேய்த்தது என மூன்று கட்டங்களையும் மூன்று பலகைகளில் முன்கூட்டியே தயாராக வை.

சுண்ணாம்பு நீற்றுவதைக் காட்ட ஆசைப்படுவீர்கள், பார்க்க ஜோராக இருக்கும். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீருக்குள் போடு. கல்லின் மேல் தண்ணீர் ஊற்றாதே, தெறிக்கும். இரும்பு டிரம் வேண்டும், பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும். செய்கிறவருக்குக் கண்ணாடியும் கையுறையும், பக்கத்தில் சுத்தமான தண்ணீர் ஒரு வாளி, பார்க்கிறவர்கள் 10 அடி தள்ளி, குழந்தைகள் அதற்கும் பின்னால். அன்று நீற்றியதை அன்றே சுவரில் பூசவும் கூடாது. நீறாத துணுக்கு உள்ளே இருந்து, மாதம் கழித்து ஊதிச் சுவரில் அம்மைத் தழும்பு போட்டுவிடும். குறைந்தது 15 நாள் தண்ணீருக்குள் கிடந்து, வலையில் சலித்த சுண்ணாம்பு வேண்டும். மூன்று மாதம் கிடந்ததென்றால் வெண்ணெய்.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்கும் ஒரு நடை கூட்டிப் போ. அதிகம் விளக்க வேண்டியதில்லை, பார்த்தாலே புரியும். கண்ணாடிப் பலகை, அதன்மேல் அச்சு, வண்ணச் சிமெண்ட் கூழ், பிறகு உலர்ந்த மணலும் சிமெண்டும், அதன்மேல் ஈரக் கலவை. சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறி வெளியே வந்தால் கண்ணாடி தானே விட்டுவிடும், அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான் மினுக்கு. அதனால்தான் ஆசிட் ஊற்றித் தரை கழுவக்கூடாது என்கிறோம். ஆசிட் அந்த முகத்தைத் தின்றுவிட்டால் திரும்ப வராது. தரைக்குத் தேங்காய் எண்ணெயும் தவிடும் போதும். ஆனால் விசேஷத்துக்கு முந்தின ராத்திரி போடாதே! செருப்பை வெளியே விட்டுவிட்டுக் காலுறையோடு வருகிறவர்கள் முகப்பிலேயே வழுக்குவார்கள். ஒரு வாரம் முன்பே போட்டு, தவிட்டால் நன்றாகத் துடைத்துவிடு.

ஆள் கணக்கு. ஐந்து வீடு, ஐந்து குழு, குழுவுக்கு 12 பேர். காலை 8 மணிக்கு ஐந்து குழுவும் ஐந்து வீட்டில் தொடங்கி, வீட்டுக்கு 40 நிமிஷம், அடுத்த வீட்டுக்குப் போக 20 நிமிஷம். மதியம் 1 மணிக்கு எல்லோரும் எல்லா வீட்டையும் பார்த்திருப்பார்கள். ஆக நாளைக்கு 60 பேர், இரண்டு நாளைக்கு 120. அதற்கு மேல் சீட்டு விற்காதே, யார் சிபாரிசு வந்தாலும். குழுவுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் வருகிறவர்தான் முக்கியம், பூட்டிய அறையைத் திறந்து பார்க்கும் ஆட்கள் கடைசியில்தான் வருவார்கள். மாடி வராந்தாவில் ஒரே நேரத்தில் ஆறு பேர், அதுவும் சுவரை ஒட்டி. மொட்டை மாடிக்குக் கொத்தனார் சரி என்று சொன்ன ஒரு வீட்டில் மட்டும், நான்கு நான்கு பேராக.

பேனரைத் தூணில் ஆணி அடித்து மாட்டுவார்கள், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார். பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் கயிறு. சுவரில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது, உரிக்கும்போது முட்டைப் பூச்சு தோலாக வரும்.

பேச்சுகளில் கட்டடக்கலை வரலாற்றுக்கு 20 நிமிஷம் போதும். பர்மா, மலாயா லேவாதேவியில் செட்டியார்கள் சம்பாதித்ததும், 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் அது சரிந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியல் ஒரு ஓட்டைக்கூட மாற்றித் தராது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்.

மிச்ச நேரத்தை ஒரு வக்கீலுக்குக் கொடு. வீடுகள் இடிபடுவதற்குத் தண்ணீருக்கு அடுத்த காரணம் பங்கு. ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளிகள், ஆளுக்கொரு ஊர். யாரும் தளத்துக்குப் பணம் போடமாட்டார்கள், விற்க மட்டும் ஒன்றுகூடுவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989 தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005 மத்தியத் திருத்தமும் வந்த பிறகு பெண் பிள்ளைகளின் உரிமையை விட்டுவிட்டுப் போட்ட ஒப்பந்தம் நிற்காது. ஆச்சிமார்களிடமும் கையெழுத்து வாங்கியாக வேண்டும். வெளியாள் ஒருவர் ஒரு பங்கை வாங்கிப் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் வருஷப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி குடும்பத்துப் பங்காளி அந்தப் பங்கை நீதிமன்றம் வைக்கும் விலைக்கு வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். இது தெரியாமலே காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குத் தூணும் கதவும் வண்டி ஏறுகின்றன. வருஷாந்திரத் தள வேலைக்குப் புள்ளிக்கு, அதாவது பங்காளிக் குடும்பத்துக்கு, இவ்வளவு என்று எழுத்தில் போட ஒரு மாதிரிப் பத்திரம் தயாரித்து, வந்தவர்கள் கையில் கொடுக்கச் சொல். உங்கள் ஐந்து வீட்டிலும் எல்லாப் பங்காளிகளிடமும் திறந்து காட்டச் சம்மதம் எழுத்தில் வாங்கியாகிவிட்டதா? ஒருவர் மட்டும் சரி என்றதை நம்பாதே. அன்று காலை சாவி வராது.

கடுக்காயை இப்போதே தட்டி ஊறப்போடச் சொல். நூறு லிட்டருக்குக் கடுக்காய் 2 கிலோ, பனைவெல்லம் 3 கிலோ, பத்து நாளாவது புளிக்க வேண்டும். வாடை வரும், அடுப்படிப் பக்கம் வேண்டாம். தொட்டி இருக்கிற மாடியின் படம் எடுத்து அனுப்பு, கட்டை எந்த வாட்டத்தில் ஓடுகிறது என்பது தெரியும்படி.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்

பி.கு.: மழை வந்தால் ஈரக்குடையோடு பட்டாலை என்கிற உயரமான கூடத்துக்கு ஏறிவிடுவார்கள். முகப்புக்கு வெளியே மணல் நிரப்பிய பழைய பித்தளை அண்டா ஒன்று வை, குடையெல்லாம் அதில்.